மீன்தொட்டிச் செடிகளைச் சட்டியில் வளர்த்துப் பார்த்தேன்

2021-இல் வீடு மாற்றும்போதுதான் தெரிந்தது, மீன்தொட்டியில் ஆளைக் கொல்வது தண்ணீர் இல்லை, மண். தண்ணீரை வாளியில் மொண்டு துளசிச் செடிக்கும் வாழைக்கும் ஊற்றிவிடலாம். அடியில் ஒன்றரை அங்குலம் தோட்டமண், அதற்கு மேல் ஒன்றரை அங்குலம் மணல் என்று நான் பெருமையாகப் பரப்பி வைத்திருந்த படுகையை என்ன செய்வது? 2 அடி நீளம், 1 அடி அகலத் தொட்டிக்கு அது கிட்டத்தட்ட 14 லிட்டர் மண், ஈரத்தோடு 25 கிலோவுக்குக் குறையாது. அதோடு சேர்த்துத் தொட்டியைத் தூக்கினால் சிலிக்கான் ஒட்டு விட்டுக்கொள்ளும் என்று எல்லோரும் பயமுறுத்தியதால், பழைய குழம்புக் கரண்டி ஒன்றை எடுத்து அள்ள ஆரம்பித்தேன். மேலே இருந்த மணல்தான் வெள்ளை. அதற்குக் கீழே தார் மாதிரி கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, செப்டிக் டேங்க் ஏதாவது திறந்துட்டாங்களா?" என்று கேட்டார். இல்லைங்க, என் தோட்டம்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

நாற்றம்கூடப் பெரிய விஷயம் இல்லை. மூன்று வருடமாக அசையாமல் உட்கார்ந்து புதராகியிருந்த கிரிப்டோகோரைன் செடிகளை வேரோடு பிடுங்கிப் புது வீட்டில் நட்டேன், ஒரே வாரத்தில் எல்லா இலைகளும் கரைந்து போயின. கரைந்தது என்றால் நிஜமாகவே கரைந்தது. இலை முதலில் கண்ணாடி மாதிரி ஆகும், அப்புறம் தொட்டால் கையோடு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கிரிப்டோகோரைனுக்கு இது வழக்கம்தான், இடத்தை மாற்றினால் கோபித்துக்கொள்ளும், வேர் உயிரோடு இருந்தால் திரும்பத் துளிர்க்கும். ஆனால் அதற்குள் கரைந்த இலையெல்லாம் சேர்ந்து தண்ணீரைக் கெடுத்துவிட்டது.

மண் படுகை முறையையே குறை சொல்ல மாட்டேன். அதைப் பரவலாக்கிய அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் சொன்னது ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே மண், அதன்மேல் ஓர் அங்குலம் பொடிக்கல், அவ்வளவுதான். நான் பொடிக்கல்லுக்குப் பதிலாக ரவை மாதிரி நைசான மணலை, அதுவும் ஒன்றரை மடங்கு கனத்தில் போட்டு அமுக்கிவிட்டேன். அடியில் காற்றே போகவில்லை. தப்பு என்னுடையது. ஆனால் அந்தத் தப்பைச் சரிசெய்ய முழுத் தொட்டியையும் பிரிக்க வேண்டியிருந்தது பாருங்கள், அதுதான் என்னை உறுத்தியது. வாடகை வீட்டில் இருப்பவன் தரையில் எதற்கு வேர் விட வேண்டும், ஒவ்வொரு செடியையும் ஒரு சட்டியில் வைத்தால் தூக்கிக்கொண்டு போய்விடலாமே என்று அன்றைக்கு ராத்திரி தோன்றியது.

சட்டிக்கு முதலில் மாட்டியது பிளாஸ்டிக் கப். இளசான செடியை அதில் வைத்தால் கப்பி மீன் இடித்தாலே சாய்கிறது. அடியில் கூழாங்கல் போட்டால் நிற்கும், ஆனால் வேருக்கு இடம் போய்விடும். அப்புறம் மண் பாத்திரங்களுக்கு மாறினேன். டீ குடிக்கும் மண் குவளை சின்னச் செடிகளுக்கு, தயிர்ச் சட்டி நடுத்தரத்துக்கு, கடையில் பிரியாணி வாங்கும்போது வரும் சட்டி பெரிய செடிக்கு. வர்ணம் பூசியதும் மினுமினுவென்று மெருகு ஏற்றியதும் வேண்டாம், சுட்ட மண்ணாக இருந்தால் போதும். பிரியாணிச் சட்டியில் எண்ணெய் ஊறியிருக்கும், அதனால் கொதிக்கிற தண்ணீரில் நாலைந்து தடவை போட்டு எடுத்து, வெயிலில் காயவைத்து, பிறகு இரண்டு நாள் வாளியில் ஊறப்போட்டேன். சோப்பு மட்டும் போடாதீர்கள், சுட்ட மண் அதைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பிக் கொடுக்கும். நர்சரித் தொட்டி என்றால் அடியில் ஓட்டை இருக்கும், அதன்மேல் ஒரு துண்டு கொசுவலையை மடித்துப் போட்டால் மண் கசியாது.

மண்ணுக்குத்தான் அதிக வேலை. செம்மண் இரண்டு பங்கு, களிமண் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டேன். களிமண் எங்கிருந்து என்றால், பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கிய வர்ணம் பூசாத பிள்ளையாரை வீட்டு வாளியிலேயே கரைப்போம், அந்த வாளியின் அடியில் தங்கிய வண்டல்தான். சத்தைப் பிடித்து வைத்து வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதில் களிமண்ணை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. செம்மண்ணை நேராகப் போடக் கூடாது. வாளியில் ஊறவைத்து, மிதக்கிற சருகு, குச்சி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை மொட்டை மாடியில் சாக்கில் பரப்பிக் காயவைக்க வேண்டும். காய்ந்ததும் திரும்ப ஊறல், திரும்பக் காய்ச்சல், இப்படி நாலு தடவை. மண்ணில் இன்னும் மக்காமல் இருக்கும் குப்பையெல்லாம் இந்த இழுபறியிலேயே மக்கி முடிந்துவிடும், தொட்டிக்குள் போய் மக்கினால்தான் மீனுக்கு விஷமான அம்மோனியா. சென்னை வெயிலில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை நாள் போதும். கடைசியில் கட்டியை உடைத்துச் சலிக்கும்போதுதான் அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். "டேய், மாவு சலிக்கிற சல்லடையையா எடுத்துட்டு வந்த?" அந்தச் சல்லடை அதற்குப் பிறகு என் சொத்தாகிவிட்டது, அம்மா புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டார்.

மேலே போட மணல். இந்தத் தடவை ரவை இல்லை, கடுகு அளவு. எம்-சாண்ட் எனக்குச் சரிப்படவில்லை, எத்தனை கழுவினாலும் பால் மாதிரி தூசி வந்துகொண்டே இருந்தது, முனையும் கூர். பக்கத்து மனை வேலையில் மிஞ்சிய ஆற்று மணலைக் கேட்டு ஒரு சட்டி வாங்கிச் சலித்துக் கழுவினேன். ஒரு ஸ்பூன் மணலில் வினிகர் விட்டுப் பார்க்க வேண்டும், நுரைத்தால் கிளிஞ்சலோ சுண்ணாம்போ கலந்திருக்கிறது என்று அர்த்தம், தண்ணீர் இன்னும் கடினமாகிவிடும். எங்கள் போர் தண்ணீர் ஏற்கெனவே டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்புகளின் அளவு, 1,100 காட்டுகிற ரகம்.

முதல் சட்டியை இறக்கிய அன்று நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. சலித்த மண்ணைக் காய்ந்தபடியே சட்டியில் நிரப்பி, மேலே மணல் போட்டு, செடியைக் குத்திவிட்டு, அலுங்காமல் தொட்டிக்குள் இறக்கினேன். ஒரு விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு குமிழி. அப்புறம் பத்து. காய்ந்த மண்ணுக்குள் இருந்த காற்றெல்லாம் மொத்தமாகக் கிளம்ப, மணல் மூடி நடுவில் பிளந்து, மண் புகை மாதிரி எழும்பி, ஐந்து நிமிடத்தில் தொட்டி முழுக்க டீ. செடி மேலே மிதந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு செய்த விதம் இது. மண்ணைத் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாகப் பிசைந்து, காற்று தங்காதபடி விரலால் அமுக்கிச் சட்டியில் பாதிக்கு நிரப்புவேன், அதாவது ஒன்றரை அங்குலத்துக்கு மிகாமல். செடியின் வேரை அதில் பரப்பி, குருத்து மண்ணுக்கு வெளியே தெரிகிற மாதிரி வைத்து, மேலே முக்கால் அங்குலம் மணல். ஸ்பூனால் தண்ணீர் விட்டு நிரப்பி, சட்டியை ஒரு வாளித் தண்ணீரில் ஒரு வாரம் உட்கார வைப்பேன். முதல் நாலைந்து நாள் வருகிற கலங்கலும் நிறமும் வாளியோடு போய்விடும். தொட்டிக்குள் இறக்கும்போது சட்டியைச் சாய்த்து, ஒரு பக்கமாகத் தண்ணீர் ஏறவிட்டு, மெதுவாக நிமிர்த்த வேண்டும். கடையில் வாங்கும் செடி வலைக் கப்பில் பஞ்சு மாதிரி ஒன்றைச் சுற்றி வரும், அதை இடுக்கியால் பொறுமையாக எடுத்துவிடுங்கள். கட்டுக்கட்டாக வரும் செடிகளின் காலில் ஈயப் பட்டை சுற்றியிருந்தால் அதையும் கழற்றிவிட வேண்டும்.

எந்தச் செடிக்கு எந்தச் சட்டி என்பதில் நிறைய உதை வாங்கித்தான் கற்றுக்கொண்டேன். அமேசான் ஸ்வோர்ட் பெருந்தீனி ஆள், டீக்குவளையில் வைத்தபோது ஆறே மாதத்தில் வேர் சுருண்டு சுருண்டு குவளை முழுக்க நூல்கண்டாகி, இலை மஞ்சளடித்துவிட்டது. பிரியாணிச் சட்டிக்கு மாற்றியதும் நிமிர்ந்தது. கிரிப்டோகோரைன் வென்ட்டியை, அதன் சொந்த ஊர் இலங்கை, தயிர்ச் சட்டியில் வைத்தேன், அது போதும் என்று இருந்துவிட்டது. வாலிஸ்னேரியாவுக்குச் சட்டி என்பது சிறை, நல்ல அர்த்தத்தில். படுகையில் விட்டால் கொடி ஓடி ஒரே வருடத்தில் தொட்டி முழுவதையும் பட்டா போட்டுக்கொள்ளும். சட்டியில் வைத்தால் கொடி விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்குகிறது, நுனியில் குட்டிச் செடி. அதற்கு நேர் கீழே மண் நிரப்பிய ஒரு குவளையை வைத்தால் அதிலேயே வேர் பிடித்துக்கொள்ளும், பிறகு கொடியை வெட்டிவிட்டு யாருக்காவது குவளையோடு கொடுத்துவிடலாம். கடின நீரைப் பற்றி அது கவலைப்படுவதே இல்லை.

அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் மண்ணில் புதைத்துவிடாதீர்கள். படுத்தமாதிரி ஓடும் அந்தத் தண்டு மூடினால் அழுகிவிடும். சட்டியின் வெளிப்பக்கத்தில் தையல் நூலால் கட்டிவிட்டேன், மூன்று மாதத்தில் சட்டி இருப்பதே தெரியவில்லை. நீர்ப்பிரமி கடையில் 'பக்கோப்பா' என்று அந்நியப் பெயரில் விற்கிறது, நம் ஊர் வாய்க்கால் ஓரத்தில் தானாகக் கிடக்கிற அதே செடிதான். தண்ணீருக்கு வெளியே வளர்ந்ததை மூழ்கடித்தால் பழைய இலையை உதிர்த்துவிட்டுப் புதிதாக விடும், அதற்குள் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. ஒரு குவளைக்கு ஆறு தண்டு வைத்தால் அடர்த்தியாக வரும். ஒரு கடையில் தண்ணீர்ச் செடி என்று சொல்லிக் கொடுத்த, இலையில் வெள்ளைக் கோடு போட்ட ஒன்று மட்டும் எந்தச் சட்டியிலும் தேறவில்லை. தோட்டத்து டிரசீனாவாம் அது. மாடியில் வைத்தேன், இன்றைக்கும் அங்கே நன்றாக இருக்கிறது.

சட்டி முறை எனக்கு உண்மையிலேயே கை கொடுத்தது நான்காவது மாதம். ஸ்வோர்டுக்குச் சத்துப் பற்றவில்லை என்று நானாக முடிவுகட்டி, புதுச் சட்டியில் மண்ணோடு இரண்டு பிடி மண்புழு உரம் கலந்தேன். மூன்றாம் நாள் காலையில் கப்பிகள் எல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. சோதனைக் குப்பியில் அம்மோனியா 1 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம். எங்கள் தண்ணீரின் பி.எச். 8-ஐ ஒட்டி இருக்கும், பி.எச். ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும். பழைய படுகையாக இருந்திருந்தால் அன்றைக்கு அந்த மண்ணை எப்படி வெளியே எடுத்திருப்பேன்? இப்போது சட்டியைத் தட்டு வைத்து அப்படியே வெளியே தூக்கினேன், பாதித் தண்ணீரை மாற்றினேன், சாயங்காலத்துக்குள் மீன்கள் கீழே இறங்கிவிட்டன. இரண்டு போய்ச் சேர்ந்தன, மற்ற பதினொன்று பிழைத்தன. மற்ற எட்டுச் சட்டிகளுக்கும் என்ன நடந்தது என்றே தெரியாது.

அதிலிருந்து உரத்தை மண்ணில் கலப்பதே இல்லை. மெதுவாகக் கரையும் உர உருண்டை, கடுகைவிடப் பெரிதாக மேலே பூச்சு போட்டு நர்சரியில் கிடைக்கும், அதில் நாலைந்தை எடுத்துக் களிமண்ணில் வைத்துக் கோலிக்குண்டு மாதிரி உருட்டி நிழலில் காயவைத்துக்கொள்கிறேன். ஸ்வோர்ட் சட்டியில் மூன்று மாதத்துக்கு ஒன்று, சட்டியின் அடிவரை ஆழமாக அழுத்தி. கிரிப்டோகோரைனுக்கு அதில் பாதி. அனுபியாஸுக்கு ஒன்றுமே இல்லை.

மண்ணுக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, ஒரு சட்டிக்குப் பதில் கண்ணாடித் தம்ளரில் வாலிஸ்னேரியா வைத்தேன். வெளிச்சம் பட்டால் கண்ணாடியின் உட்பக்கம் பாசி பிடிக்கும் என்பதால் சுற்றிலும் ஒரு கறுப்புத் தாளை பாலித்தீனில் பொதிந்து உறை மாதிரி மாட்டி, வாரம் ஒரு தடவை கழற்றிப் பார்ப்பேன். முதல் மாதம் செம்மண் செம்மண்ணாகவே இருந்தது. அப்புறம் அடியிலிருந்து சாம்பல் நிறம் ஏறிற்று, ஆங்காங்கே கறுப்புத் திட்டு. அட, மறுபடியும் அதே கதைதானா என்று நினைத்தேன். ஆனால் வெள்ளை வேர்கள் அந்தச் சாம்பல் மண்ணுக்குள் இறங்கிய இடத்தில் எல்லாம் ஒவ்வொரு வேரையும் சுற்றிக் குங்குமப்பழுப்பில் ஒரு மெல்லிய உறை, துருப்பிடித்த ஊசி மாதிரி. துருவேதான் அது. வேர் தன் வழியாகக் காற்றைக் கீழே கொண்டுபோய்க் கொஞ்சம் கசியவிடுகிறது, அது மண்ணில் கரைந்து கிடக்கும் இரும்பைத் துருவாக்கி ஒட்டவைக்கிறது. அதாவது வேர் அடர்ந்த சட்டியில் மண் தானாகவே மூச்சு விடும். வேர் போகாத மூலைதான் அழுகுகிறது. என் பழைய படுகையில் செடியே இல்லாத முன்பாதிதான் அதிகமாக நாறியது என்பது அப்போதுதான் உறைத்தது. ஆழமான சட்டியில் சின்னச் செடியை வைக்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

பராமரிப்பு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தரை வெறும் கண்ணாடி, சட்டிகளுக்கு நடுவே சேரும் கழிவை அரை அங்குலக் குழாயால் ஐந்து நிமிடத்தில் உறிஞ்சிவிடலாம். படுகை இல்லாததால் நல்ல பாக்டீரியாவுக்கு வீடு குறைவு, அதனால் ஸ்பாஞ்ச் பில்டர் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன், அதைக் குழாய்த் தண்ணீரில் அலசாமல் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிகிறேன். 6,500 கெல்வின் எல்.இ.டி. விளக்கு, டைமரில் ஆறரை மணி நேரம். சட்டிகள் கிட்டத்தட்ட 5 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்கின்றன, தொட்டியில் நிஜமாக இருப்பது 45 லிட்டர் தண்ணீர்தான், மருந்து போடும்போது இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அழகு? அதில் சட்டி தோற்றுவிடும், ஒத்துக்கொள்கிறேன். பார்க்க வந்த நண்பன், "என்னடா, மீன்தொட்டியா, தண்ணியில மூழ்கின நர்சரியா?" என்று கேட்டான். முன்னால் உயரம் குறைந்த குவளைகள், அவற்றை மறைக்க நாலு கருங்கல், பின்னால் பெரிய சட்டிகள் என்று அடுக்கியதும் கொஞ்சம் தேவலை. கொட்டாங்குச்சியும் முயன்றேன். மூன்று தடவை கொதிக்கவைத்தும் தண்ணீரை ஒரு மாதம் பழுப்பாக்கியது, பார்வைக்கு மட்டும் அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஒரு வருடத்தில் மெத்தென்று ஆகிக் கையோடு பிய்ந்து வந்துவிட்டது.

2024-இல் மறுபடியும் வீடு மாற்றம், வில்லிவாக்கத்திலிருந்து மேடவாக்கம். ஒன்பது சட்டிகளையும் இரண்டு வாளியில் அடுக்கி, ஈரச் செய்தித்தாளைப் போர்த்தி, காரில் வைத்தபோது மணி பத்து. மத்தியானம் இரண்டு மணிக்குத் தொட்டி புது வீட்டில் நிரம்பி, சட்டிகள் அதே வரிசையில். கிரிப்டோகோரைன் கரையுமா என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் மாறியதாலோ என்னவோ நாலு இலை போயிற்று. வேர் அசையவில்லை, செடி நின்றுவிட்டது.

இப்போது தொட்டியில் எட்டுச் சட்டிதான். ஒன்பதாவதில் இருந்தது கொட்டிக்கிழங்கு வகை, கடைக்காரர் பாஷையில் அப்போனோஜெட்டன், நம் ஊர்க் குளத்துக் கொட்டிக்கு நெருங்கிய சொந்தம். ஒன்றரை அடிக்கு அலை அலையாக இலை விட்டு, பூவும் விட்டு, திடீரென்று எல்லா இலைகளையும் உதிர்த்துவிட்டு ஓய்வெடுக்கப் போய்விட்டது. படுகையில் இருந்தபோது இப்படி ஒரு கிழங்கை அழுகவிட்டிருக்கிறேன். இந்தத் தடவை சட்டியோடு தூக்கிக் குளியலறை மூலையில் இருட்டு வாளியில் இரண்டு மாதம் போட்டு வைத்தேன். "இன்னும் எத்தனை நாளைக்கு இந்தச் சேத்து வாளி இங்க இருக்கும்?" என்று அம்மா தினம் ஒரு தடவை கேட்கிறார். நேற்று மூடியைத் திறந்து பார்த்தேன், கிழங்கின் உச்சியில் அரிசி அளவுக்கு ஒரு முளை. ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்துக்கு எடுக்க வேண்டும்.